ஷோரூம் சர்வீஸ் பில்லை எப்படிக் கட்டுக்குள் வைப்பது? திருநெல்வேலிப் பக்கத்துக் கார்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கம்பெனி சர்வீஸ் பில் நம் கைக்கு வருவது சாயங்காலம். ஆனால் அந்தத் தொகை முடிவாவது காலையில், செய்யப்போகும் வேலைகளைப் பட்டியலிடும் ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும் பத்து நிமிஷத்தில். அந்த நேரத்தில் நம் ஆள் எப்படி இருப்பார்? வள்ளியூரிலிருந்தோ அம்பாசமுத்திரத்திலிருந்தோ விடியற்காலையிலேயே கிளம்பி வந்திருப்பார். வண்டியை விட்டுவிட்டு ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கோ கலெக்டர் ஆபீஸுக்கோ போக வேண்டியிருக்கும். சர்வீஸ் அட்வைசர் டேப்லெட்டை நீட்டி "சார், இங்க ஒரு சைன்" என்றதும் விரலால் ஒரு கிறுக்கு கிறுக்கிவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடிவிடுவார். பாளை மார்க்கெட்டில் கத்திரிக்காய்க்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்கிற அதே மனிதர், ஏசி ஹாலில் ஒரு காபி கொடுத்துவிட்டால் பத்தாயிரம் ரூபாய்க்கு வாயே திறக்க மாட்டார்.

எல்லா ஷோரூமும் ஏமாற்றுகிறது என்று நான் சொல்லவில்லை. அட்வைசருக்கு மாத டார்கெட் இருக்கிறது, விருப்ப வேலைகளை விற்றால் ஊக்கத்தொகை இருக்கிறது. அவர் தன் வேலையைச் செய்கிறார், நாம் நம் வேலையைச் செய்வோம். சண்டை வேண்டாம், குரலை உயர்த்தவும் வேண்டாம். தயாராகப் போனால் போதும்.

முந்தின நாள் ராத்திரி: புத்தகத்தை எடுங்கள்

டேஷ்போர்டு பெட்டியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கும் ஓனர்ஸ் மேனுவல்தான் உங்கள் முதல் சாட்சி. அதில் பராமரிப்பு அட்டவணை என்று சில பக்கங்கள் இருக்கும். கிலோமீட்டர் ஒரு பக்கம், மாதம் ஒரு பக்கம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது ஒரு வருஷம். கட்டத்துக்குள் 'ஆர்' என்று போட்டிருந்தால் அந்தப் பொருளை மாற்ற வேண்டும். 'ஐ' என்றிருந்தால் பார்த்தால் போதும். சாதாரண வருஷாந்திர சர்வீஸில் 'ஆர்' போட்டவை என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், டிரெயின் போல்ட்டின் வாஷர் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி தவணை, வருஷா வருஷம் வராது. உங்கள் கிலோமீட்டருக்கு உரிய பக்கத்தை மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆயில் கிரேடு, கொள்ளளவு இருக்கும் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். சின்ன பெட்ரோல் கார்களில் மூன்றிலிருந்து நாலு லிட்டருக்குள்தான் ஆயில் பிடிக்கும். இந்த எண் பில்லைப் பார்க்கும்போது தேவைப்படும்.

அதே புத்தகத்தில் 'கடினமான சூழல்' என்று இன்னொரு அட்டவணையும் இருக்கும். நம் பக்கத்துக்காரர்கள் அதையும் வாசிக்க வேண்டும். திசையன்விளைப் பக்கம் தேரி மண்ணிலும், ராதாபுரம் பக்கம் குவாரி லாரிகளின் பின்னாலும் தினமும் ஓட்டுகிற வண்டிக்கு ஏர் ஃபில்டரைச் சீக்கிரம் மாற்றச் சொன்னால் அட்வைசர் சொல்வது நியாயம்தான். ஆனி ஆடிக் காற்றில் வண்டி முழுக்கப் புழுதி படிகிற ஊர் இது. பாளைக்குள் வீட்டுக்கும் ஆபீஸுக்குமாக ஓடுகிற வண்டிக்கு அதே காரணத்தைச் சொன்னால் கொஞ்சம் யோசிக்கலாம்.

அப்புறம் இரண்டு போன் போடுங்கள். ஒரே கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற எந்த சர்வீஸ் சென்டருக்கு வேண்டுமானாலும் போகலாம், வாங்கிய ஷோரூமுக்கே போக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இலவச சர்வீஸுக்கும் இது பொருந்தும். லேபர் சார்ஜ் சென்டருக்குச் சென்டர் மாறும். உவரிக்காரருக்கு நெல்லையும் நாகர்கோவிலும் இரண்டுமே எட்டுகிற தூரம். இரண்டு இடத்திலும் "முப்பதாயிரம் கிலோமீட்டர் சர்வீஸ், லேபர் வரியோட எவ்வளவு?" என்று கேட்டு எழுதி வையுங்கள். பல கம்பெனிகளின் செயலியிலேயே தோராயச் செலவைப் பார்க்கலாம்.

'இலவச சர்வீஸ்' என்பதில் இலவசம் லேபர் மட்டும்தான். ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு உண்டு. இது தெரியாமல் கவுண்டரில் போய் வாக்குவாதம் செய்பவர்களை இன்றும் பார்க்கலாம்.

கடைசியாக, குறைகளை ஒரு தாளில் எழுதுங்கள். "ஜெனரல் செக்கப் பண்ணிருங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள், எதை வேண்டுமானாலும் பில்லில் ஏற்றலாம் என்று நாமே கொடுக்கும் அனுமதி அது. "எண்பதுல போகும்போது ஸ்டியரிங் உதறுது", "முதல் கியர்ல கிளட்ச் விடும்போது கிர்ருங்குது" என்று இருக்க வேண்டும்.

காலையில்: ஜாப் கார்டு

வண்டியை விடும் முன் ஓடோமீட்டர், பெட்ரோல் முள், நாலு டயர், பேட்டரி மேலுள்ள எண், கீறல்கள் எல்லாவற்றையும் ஒரு வீடியோவாக எடுங்கள். அட்வைசர் பார்க்கும்படியே எடுங்கள், தப்பில்லை.

உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் போகும் (டீகார்ப் என்றால் என்ஜினுக்குள் படிந்த கரியை நீக்குவது):

"சார், முப்பதாயிரம் சர்வீஸ். ஏசி கிளீனிங், என்ஜின் டீகார்ப், ஃப்யூயல் அடிட்டிவ், இன்டீரியர் கிளீனிங் எல்லாம் சேர்த்து பத்தாயிரத்து முந்நூறு வரும்."

"டீகார்ப் எதுக்கு தம்பி?"

"கம்பெனி ரெக்கமெண்டட் சார். மைலேஜ் நல்லா வரும்."

"மைலேஜ் இப்பவே நல்லாத்தான் இருக்கு. புக்குல எந்தப் பக்கத்துல போட்டுருக்குன்னு காட்டுங்க, செஞ்சுருவோம்."

பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். காட்டினால் செய்துகொள்ளுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. அதிகமாகப் பேசத் தேவையில்லை, இந்த ஒரு கேள்வியே போதும்.

கையெழுத்துக்கு முன் டேப்லெட்டை வாங்கிக் கீழ்வரை இழுத்துப் பாருங்கள். முதல் திரையில் வாடிக்கையாளர் பெயரும் நம்பரும்தான் இருக்கும், வேலைப் பட்டியல் அதற்குக் கீழே இருக்கும். சில இடங்களில் கையெழுத்துக்குப் பதில் ஓ.டி.பி. வாங்குவார்கள். ஓ.டி.பி. சொல்வதும் கையெழுத்துப் போடுவதும் ஒன்றுதான், பட்டியலைப் பார்க்காமல் சொல்லாதீர்கள்.

பிறகு அங்கே நின்றபடியே அட்வைசரின் வாட்ஸப்புக்கு இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள். வண்டி நம்பரையும் எஸ்டிமேட் தொகையையும் நிரப்பினால் போதும்:

"என் ______ நம்பர் வண்டிக்கு ஜாப் கார்டில் உள்ள வேலைகளை மட்டும் செய்யவும். வரியுடன் எஸ்டிமேட் ரூ. ______. இதற்கு மேல் எந்த வேலையோ பொருளோ தேவைப்பட்டால் என்னிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகே செய்யவும். மாற்றிய பழைய பாகங்களை வண்டியில் வைக்கவும். ஆயில், புத்தகத்தில் சொன்ன கிரேடு மட்டும்."

'சரி சார்' என்ற பதில் வந்த பிறகு கிளம்புங்கள். பின்னால் பிரச்சினை வந்தால் வாய்ப்பேச்சு நிற்காது, இந்த இரண்டு வரி நிற்கும். பழைய பாகங்களைக் கேட்பதிலும் விஷயம் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று முன்பே தெரிந்தால், மாற்றாததை மாற்றியதாக யாரும் எழுத மாட்டார்கள். வாரண்டியிலோ இன்சூரன்ஸிலோ மாற்றிய பாகங்களைத் திருப்பித் தர மாட்டார்கள், அது வேறு கணக்கு.

எதை மறுக்கலாம், எதைச் செய்யலாம்

மேலே சொன்ன பத்தாயிரத்து முந்நூறைப் பிரித்துப் பார்ப்போம். கணக்குப் புரிவதற்காக நான் வைத்த எண்கள் இவை, உங்கள் வண்டிக்கு மாறும். ஆயில், ஃபில்டர், வாஷர் 1,940. லேபர் 1,900, அதற்கு 18 சதவீதம் வரி சேர்த்து 2,242. இதுவரை 4,182. வீல் அலைன்மென்ட், பேலன்சிங் 1,100. ஏசி கிருமிநீக்கம் 1,100, என்ஜின் ஃப்ளஷ் (ஆயில் மாற்றும் முன் என்ஜினின் உட்புறத்தைக் கழுவுவது) 450, ஃப்யூயல் அடிட்டிவ் 350, டீகார்ப் 1,600, உள் அலங்காரச் சுத்தம் 1,300. 'கன்சூமபிள்ஸ்' (துணி, கிரீஸ் போன்ற சில்லறைச் செலவுகள்) என்று 250. கூட்டினால் 10,332. அதில் புத்தகம் கேட்கிற வேலை நாலாயிரத்துச் சொச்சம்தான்.

என்ஜின் ஃப்ளஷும் டீகார்பும் ஒழுங்காக ஆயில் மாற்றிவருகிற, முப்பது நாற்பதாயிரம் ஓடிய பெட்ரோல் வண்டிக்குத் தேவையில்லை. ஓட்டத்தில் உதறலோ புகையோ இருந்தால் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு பேசலாம். எரிபொருளில் ஊற்றும் சின்ன பாட்டிலும் அப்படித்தான். டெஃப்ளான் கோட்டிங், சைலன்ஸர் கோட்டிங், நைட்ரஜன் காற்று எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம் என்று சொல்லலாம்.

ஏசி விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். காற்றில் ஊசல் வாடை வந்தால் முதலில் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பல கார்களில் டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றினால் பின்னால் ஒரு சின்ன மூடி, அதற்குள் ஃபில்டர். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சில நூறு ரூபாய். வீட்டு முற்றத்திலேயே ஐந்து நிமிஷத்தில் மாற்றிவிடலாம். "கேஸ் டாப்-அப்" வருஷா வருஷம் போட வேண்டியது இல்லை. ஏசி ஒரு மூடிய சுற்று. கேஸ் குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றினால் அடுத்த சித்திரைக்குள் திரும்பவும் அங்கேதான் போய் நிற்பீர்கள்.

அடிப்பக்கத் துருத்தடுப்புப் பூச்சை மட்டும் நான் ஒட்டுமொத்தமாக மறுக்கச் சொல்ல மாட்டேன். கூடங்குளம், இடிந்தகரை, உவரி என்று கடலோரத்தில் நிற்கிற வண்டிக்கு உப்புக்காற்று எமன். அங்கே பூச்சு பயன்படும். ஆனால் லிஃப்டில் ஏற்றி, ஏற்கெனவே இருக்கிற பூச்சு எந்த நிலையில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். ஈர அடியின் மேலேயே பூசினால் துரு உள்ளே தொடரும். தென்காசி ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு மழைக்காலம் முடிந்ததும் அடிப்பக்கம் நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலே போதும்.

எலித் தொல்லைக்கு ஸ்பிரே என்று ஒன்று விற்பார்கள். வயலோரம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு எலி வயரைக் கடிப்பது நிஜமான பிரச்சினைதான். நம் ஊரில் பலர் புகையிலையைத் துணியில் முடிந்து பானெட்டுக்குள் கட்டுகிறார்கள். அது எவ்வளவு தூரம் வேலை செய்கிறது என்பது எலியைப் பொறுத்தது. வண்டியைத் தினமும் எடுப்பதும், பானெட் பக்கம் வெளிச்சம் விழ நிறுத்துவதும்தான் செலவில்லாத வழி.

வீல் அலைன்மென்ட் தேவையான வேலைதான். அதை ஷோரூமில்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. நல்ல மெஷின் வைத்திருக்கிற டயர் கடையில் குறைவாகவே ஆகும். கூலன்ட் தேவையென்றால் புத்தகம் சொன்ன வகையை வாங்கி ஊற்றுங்கள். மிச்சம் பிடிக்கிறேன் என்று போர் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படிந்து ரேடியேட்டர் பாழாகும், மிச்சம் பிடித்ததைப் போல பல மடங்கு செலவாகும்.

மதியம் வரும் போன்

பன்னிரண்டு மணிவாக்கில் போன் வரும். "சார், பிரேக் பேட் தேஞ்சுருச்சு, மாத்திரலாமா?" நாம் பஸ் ஸ்டாண்டில் நிற்போம், பாதி காதில் விழாது. "சரி, மாத்துங்க" என்று சொல்லிவிடுவோம். அந்த 'சரி'க்கு இரண்டாயிரமோ மூவாயிரமோ விலை.

பதில் இப்படி இருக்கட்டும்: "போட்டோ அனுப்புங்க, எத்தனை மில்லிமீட்டர் மிச்சம்னு எழுதுங்க, பார்ட் விலையும் லேபரும் தனித்தனியாச் சொல்லுங்க." பேட் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் தள்ளிப்போடாமல் மாற்றிவிடுங்கள், பிரேக்கில் கஞ்சத்தனம் கூடாது. ஐந்தாறு மில்லிமீட்டர் இருந்தால் அடுத்த சர்வீஸில் பார்க்கலாம். பேட்டரி போச்சு என்றால் டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்கள். நன்றாக சார்ஜ் ஆன பேட்டரி, வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 வோல்ட் அளவில் காட்டும்.

பில்லை வாசிக்கும் முறை

பணம் கட்டும் முன் ப்ரொஃபார்மா பில்லை, அதாவது இறுதி பில்லுக்கு முந்தைய மாதிரியை, கேட்டு வாங்கி உட்கார்ந்து வாசியுங்கள். "பின்னால ஆள் நிக்காங்க சார்" என்றால் அவர் முதலில் கட்டட்டும்.

முதலில் எம்.ஆர்.பி., அதாவது அதிகபட்ச சில்லறை விலை. பொருளின் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட அந்த விலைக்குள்ளேயே எல்லா வரியும் அடக்கம். ஒரு ஃபில்டர் அட்டையில் 118 ரூபாய் போட்டிருந்தால், வரி இல்லாத விலை 100, வரி 18. பில்லில் 118-ஐ அடிப்படை விலையாகப் போட்டு அதன் மேல் மறுபடியும் 18 சதவீதம் ஏற்றினால் 139.24 ஆகிவிடும். அது சட்டவிரோதம். இதற்காகத்தான் பாகம் வந்த அட்டைப்பெட்டியையும் சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும்.

வரி விகிதத்தையும் பாருங்கள். லேபருக்கு 18 சதவீதம். உதிரி பாகங்களில் பலவற்றுக்கு முன்பு 28 இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் எல்லாவற்றுக்கும் 18தான்.

அடுத்தது ஆயில் அளவு. ஷோரூமில் பெரும்பாலும் பேரலிலிருந்து அளந்து ஊற்றுவார்கள். புத்தகத்தில் 3.3 லிட்டர் என்றிருக்க, பில்லில் 4 லிட்டர் என்று வந்தால் மிச்சம் எங்கே என்று கேளுங்கள்.

லேபர் இரட்டிப்பு ஆகியிருக்கிறதா பாருங்கள். வருஷாந்திர சர்வீஸ் லேபரிலேயே ஏர் ஃபில்டர் துடைப்பதும் பிரேக் சுத்தம் செய்வதும் பல சென்டர்களில் அடக்கம். அதையே 'பிரேக் கிளீனிங்' என்று தனி வரியாகவும் போட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். 'கன்சூமபிள்ஸ்' என்ற மொத்தத் தொகைக்கு விவரம் கேளுங்கள். விவரம் இல்லையென்றால் அந்த வரி பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும்.

கிளம்பும்போது அட்வைசர் சொல்வார்: "கம்பெனில இருந்து கால் வரும் சார், பத்துக்குப் பத்து சொல்லிருங்க." அந்த மதிப்பெண் அவருக்கு ரொம்ப முக்கியம். ஆகவே குறை இருந்தால் அதைப் பேச வேண்டிய நேரம் இதுதான். "இந்த இரண்டு வரிய எடுத்துட்டா தாராளமா சொல்லிருவேன் தம்பி" என்று சிரித்துக்கொண்டே சொல்லிப் பாருங்கள்.

வாரண்டி என்ற பூச்சாண்டி

"வெளியில கை வெச்சா வாரண்டி போயிரும்" என்பது எல்லாருக்கும் தெரிந்த மிரட்டல். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் தங்கள் வலைக்குள்ளேயே வைத்திருந்ததும், வெளியில் ரிப்பேர் பார்த்தால் ஒட்டுமொத்த வாரண்டியும் ரத்து என்று நிபந்தனை போட்டதும் அந்த வழக்கின் மையம். வெளி மெக்கானிக்கின் தவறான வேலையால் கெட்டுப்போன பாகத்துக்கு மட்டும் வாரண்டி மறுக்கலாம், எல்லாவற்றுக்கும் மறுக்கக் கூடாது என்பது ஆணையத்தின் நிலை. மேல்முறையீடுகள் அதற்குப் பிறகும் ஓடின.

ஆணையத் தீர்ப்பு அப்படி. நடைமுறையில், வாரண்டி இருக்கும்வரை தவணை சர்வீஸைக் கம்பெனியிலேயே, விருப்ப வேலைகள் இல்லாமல், செய்துகொள்வதுதான் என் யோசனை. லட்ச ரூபாய் கியர்பாக்ஸுக்கு வாரண்டி கேட்டு நிற்கும் நாளில் ஆணையத் தீர்ப்பைக் காட்டி வாதாடுவதைவிட, முழுமையான சர்வீஸ் பதிவு கையில் இருப்பது லேசு. வைப்பர், பல்ப், டயர், பேட்டரி, அலைன்மென்ட் இதையெல்லாம் எப்போதும் வெளியில் பார்க்கலாம்.

வாரண்டி முடிந்த பிறகு

இப்போது வேலையை இரண்டாகப் பிரியுங்கள். ஆயில், ஃபில்டர், பிரேக், கிளட்ச், சஸ்பென்ஷன் எல்லாம் நல்ல வெளி ஒர்க்‌ஷாப்பில் செய்யலாம். ஏர்பேக், கம்ப்யூட்டர் கோளாறு, ஹைபிரிட் பேட்டரி இவற்றுக்குக் கம்பெனிதான். கம்பெனி தானே திரும்ப அழைத்து மாற்றும் ரீகால் வேலை, வாரண்டி முடிந்த வண்டிக்கும் இலவசம். சேசிஸ் நம்பரைக் கம்பெனி இணையதளத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக்கைத் தேர்ந்தெடுக்க என் அளவுகோல் ஒன்றுதான்: கடையில் உங்கள் மாடல் வண்டி எத்தனை நிற்கிறது? அந்த அண்ணாச்சியிடம் நாம் பாகம் வாங்கிக் கொடுத்தால் போட்டுத் தருவாரா என்று கேளுங்கள். மாருதி ஜெனுவின் பார்ட்ஸ், ஹூண்டாய்க்கும் கியாவுக்கும் மொபிஸ் என்று கம்பெனிப் பாகங்கள் சில்லறைக் கடையிலேயே கிடைக்கின்றன. பில்லோடு வாங்கிக் கொடுத்து, லேபர் மட்டும் பேசிக்கொள்ளலாம். ஒவ்வொரு பில்லையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள், வண்டியை விற்கும்போது உதவும்.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 டிசம்பர் மழையில் ஜங்ஷன் பக்கம் தண்ணீரில் நின்ற கார்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். தண்ணீர் ஏறிய வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. முதலில் இன்சூரன்ஸுக்குப் போன், பிறகுதான் ஷோரூம். சர்வேயர் பார்க்கும் முன் என்ஜினைப் பிரிக்க அனுமதிக்காதீர்கள். என்ஜினுக்குள் தண்ணீர் போன சேதத்துக்குச் சாதாரண பாலிசி பெரும்பாலும் கொடுக்காது, என்ஜின் பாதுகாப்புக் கூடுதல் கவர் வேண்டும்.

பில் தவறு, அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால்

செய்த வேலைக்குக் காசு கொடுக்காதவரை வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ள 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆகவே சாவிக்காக மல்லுக்கட்ட வேண்டாம். பணத்தைக் கட்டுங்கள், ரொக்கமாக வேண்டாம். பில் பிரதியில் "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதி, எந்த வரிக்கு ஆட்சேபம் என்றும் குறிப்பிட்டுக் கையெழுத்திடுங்கள். போட்டோ எடுங்கள்.

அன்றே ஒர்க்ஸ் மேனேஜருக்கும், கார் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். டீலருக்கு மட்டும் எழுதினால் கிணற்றில் போட்ட கல். கம்பெனிக்குப் போனால் புகார் எண் விழும், டீலர் பதில் சொல்லியாக வேண்டும். பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம், செலவில்லை. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். நாகர்கோவில் ஷோரூமில் நடந்ததற்கு நாங்குநேரிக்காரர் திருநெல்வேலியிலேயே வழக்குத் தொடுக்கலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை நடந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். மூன்றிலிருந்து ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் இழுக்கும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு ரூபாய்க்கு அலைவது லாபமில்லை, செய்யாத வேலைக்கு ஆயிரக்கணக்கில் வாங்கியிருந்தால் விடாதீர்கள்.

மனுவோடு இணைக்க வேண்டியவை: ஜாப் கார்டு பிரதி, பில், பணம் கட்டிய ரசீது, காலையில் அனுப்பிய வாட்ஸப் செய்தியும் அவர்கள் பதிலும், பழைய பாகத்தின் போட்டோ, மேனுவலின் அட்டவணைப் பக்கம், கம்பெனி கொடுத்த புகார் எண். எதிர்மனுதாரராக டீலர், கார் கம்பெனி இருவரையும் சேருங்கள்.